ஊவா மலைச்சரிவும் புவிச்சரிதவியற் புலமைப்பரிசில்களும்

மத்திய மலைநாட்டின் தென்விளிம்பு, அப்புத்தளையிலிருந்து எல்ல வரை ஒரு மதில் போன்று நின்று, வெல்லவாயாத் தாழ்நிலத்தை நோக்கிச் சடுதியாக இறங்குகின்றது. அம்மதிலிற் கிரிந்தி ஓயா அறுத்த வாயிலே எல்ல இடைவெளியாகும். இராவணன் பெயர் தாங்கிய அருவியைக் காணவும், 1921 இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தின் அழகை நுகரவும் இங்கு வருவோர் பலர். இம்மதில் எவ்வாறு தோன்றிற்று, எவ்விடத்தில் இற்று விழும் என ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அச்சிலருக்கு ஆய்வுப் பயிற்சியை அளித்தது யாருடைய பொருள் என்பது வெறும் நிருவாக வரலாறன்று. சரிவின் கீழே லயங்களில் உறங்கும் மக்களின் உயிரோடு பிணைந்த வினா அது.

இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் ஆனந்த குமாரசுவாமி. உலகம் அவரைக் கலை வரலாற்றாசிரியராகவே அறியும். ஆயினும் 1900 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றவர் அவர். 1903 முதல் 1906 வரை அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் என்னும் தகுதி அவருக்கிருந்தது. அதே ஆண்டுகளில் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராகவும் அவர் விளங்கினார். செரெண்டிபைற்று என்னும் கனிப்பொருளைப் பிரையர் என்னும் அறிஞருடன் சேர்ந்து உலகுக்கு அறிவித்தவரும், இந்நாட்டுப் பாறைகள் பற்றிய ஆய்வுகளுக்காக விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவரும் அவரே. பாறை தேடிக் கிராமந்தோறும் அவர் மேற்கொண்ட பயணங்களே 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கும் வித்தாயின. ஓர் ஆய்வாளனுக்கு அளிக்கப்படும் ஆதரவு எத்துறையிற் கனியும் என்பதை எத்தெரிவுக் குழுவும் முன்கூட்டிக் கணித்தல் அரிது. எனினும் சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தருக்குப் பொருட்கவலை இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

அவருக்குப் பின்னர் இம்மலைகளின் அமைப்பை விளக்கியோர் பெரும்பாலும் வெளிநாட்டறிஞரே. கனடாவைச் சேர்ந்த அடம்ஸ் 1929 இல் இலங்கையின் புவிச்சரிதவியல் பற்றி எழுதினார். 1938 இல் அரசாங்கக் கனிப்பொருளியலாளராக இந்தியாவிலிருந்து வந்த வாடியா, ஒன்றன்மேலொன்றாக அமைந்த மூன்று அரிப்புச் சமவெளிகளைப் பற்றியும், நிலத்துண்டங்கள் மேலுயர்ந்தமையே அவற்றுக்குக் காரணம் என்னும் கொள்கையைப் பற்றியும் 1943 இல் வெளியிட்டார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறையிற் பேராசிரியர் கா. குலரத்தினமும், பேராதனையிற் புவிச்சரிதவியல் கற்பித்த பேராசிரியர் விதானகேயும் பின்னர் நிலத்தோற்ற ஆய்வை முன்னெடுத்தனர். எல்லவின் மதில் பற்றிய விவாதம் அப்பொழுதுதான் இந்நாட்டவர் கைக்கு வந்தது எனலாம்.

பட்டப்பின் கல்விக்கு வெளிநாட்டு வாயில்கள் அகலத் திறந்தது 1950 இன் பின்னரே. கொழும்புத் திட்டம், 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருவான பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஆகியன பலருக்கு வழிவகுத்தன. இத்துறையில் தனித்து நோக்கத்தக்கது நெதர்லாந்து அரசின் உதவியாகும். அந்நாட்டில் 1950 இல் நிறுவப்பட்ட ஆகாயப்பட அளவைப் பயிற்சி நிறுவகம் 1971 இல் எனஸ்கெடே நகருக்கு இடம்பெயர்ந்தது. காலப்போக்கிற் கணினி கொண்டு நிலத்தை ஆராயும் புவித்தகவலியலுக்கு அது பெயர் பெற்றது. வளர்முக நாடுகளின் நில அளவையாளரும் புவிச்சரிதவியலாளரும் அங்கு பயின்றனர். இலங்கையரும் அவருட் சேர்வர். நாட்டினுள்ளே, பேராதனையில் 1996 இல் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் தோன்றியது.

ஆனால் இப்பரிசில்கள் எல்லாம் ஒரு படியை முன்னிட்டே அமைந்தன. முதலில் விஞ்ஞானப் பட்டம் வேண்டும். அதற்கு முன் உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டும். அரசு வழியாகச் செல்வதாயிற் குடியுரிமையும் வேண்டும். தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோர். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசினாற் பொறுப்பேற்கப்படும் வரை ஆரம்ப வகுப்புகளோடு நின்றவையே அதிகம். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. கான் வெட்டியும் கவ்வாத்து வெட்டியும் அம்மண்ணின் ஒவ்வோர் ஈரக்கசிவையும் அறிந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள், அம்மண்ணை அறிவியலாக ஆராயும் வாய்ப்பினின்றும் இரண்டு தலைமுறை விலக்கப்பட்டிருந்தனர். இஃது அம்மக்களுக்கு மட்டுமன்றி அறிவியலுக்கும் நேர்ந்த இழப்பாகும்.

1990 இல், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன், பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கும் பணி தொடங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதனை மேற்கொண்டது. பாறையின் அமைப்பு, நீர் வடியும் முறை, மேற்படை மண், சரிவின் கோணம், நிலப் பயன்பாடு, நிலவுருவம் ஆகிய ஆறு காரணிகளும் தனித்தனியே வரையப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நிறையளித்து, ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தப்பட்டன. வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் பெற்ற பட்டப்பின் பயிற்சிக்கு இதனினும் உகந்த பயன் வேறில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை கொஸ்லாந்தையைச் சார்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. செங்குத்துப் பாறையின் அடியிற் காலங்காலமாகக் குவிந்திருந்த தளர்ந்த மண்ணும் கற்களும், தொடர்மழையின் நீரை ஏற்று ஒருங்கே இறங்கின. அவ்விடம் ஆபத்தானது என்பது அறியப்படாத செய்தியன்று. மக்களை அகற்றுமாறு 2005 இலும் 2011 இலும் நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. அறிவு குறைந்தமையால் மட்டும் நேர்ந்த அழிவன்று அது. மாற்றுக் காணி தருவார் யார், தோட்ட வேலையை விட்டு எங்ஙனம் அகல்வது என்னும் வினாக்களுக்கு வரைபடத்தில் விடையில்லை. எனினும் வரைபடத்தை வரைந்த அலுவலகத்துக்கும் லயத்துக்கும் இடையே, இரு பக்கத்து மொழியும் அறிந்த ஆய்வாளர் எத்தனை பேர் இருந்தனர் என்பதும் கேட்கப்பட வேண்டியதே.

பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கனிய வளம் பற்றிய பட்டநெறியும் அங்குண்டு. சரிவுகள் அதன் வாயிலிலேயே உள்ளன. இன்றைய எச்சரிக்கை முறை மிக எளியது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100 ஐக் கடந்தால் எச்சரிக்கை, 150 ஐக் கடந்தால் வெளியேற்றம். அம்மழைமானியை நள்ளிரவிற் பார்ப்பவர் தோட்டத்தவரே.