சின்னமலையைத் தெரியும்... அவர் குதிரையைத் தெரியுமா? குதிரைக் கதைகளுக்கு ஒரு குட்டி கைடு!

சென்னிமலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வாங்க. மைசூருக்குப் போன வரிப்பணத்தை ஓர் இளைஞர் வழிமறித்துப் பறிக்கிறார். 'யார் எடுத்ததுன்னு சொல்றது?' என்று கேட்டவர்களிடம், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கிற சின்னமலை எடுத்ததாகச் சொல்லச் சொன்னாராம். தீர்த்தகிரி, தீரன் சின்னமலை ஆனது இப்படித்தான். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் ஆங்கிலேயர் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

சென்னை கிண்டியில் இருக்கும் அவர் சிலை குதிரை மேல்தான் இருக்கும். நாம வீரரைப் பார்ப்போம். குதிரையை?

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பொன்னியின் செல்வன்: கல்கி 1950-ல் தொடங்கிய தொடர். முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை மேல் வரும் வந்தியத்தேவன்தான்.

தேசிங்கு ராஜன் கதை: 1714-ல் ஆற்காடு நவாப்போடு மோதி உயிர்விட்ட செஞ்சி அரசனின் கதைப்பாடல். யாராலும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரையை அவன் அடக்குவதுதான் இதில் ஹைலைட்!

பிளாக் பியூட்டி: அன்னா சீவெல் 1877-ல் எழுதியது. குதிரையே தன் கதையைச் சொல்லும். வண்டிக் குதிரைகளின் தலையை இழுத்துக் கட்டும் கொடுமைக்கு எதிராகப் பலரைப் பேச வைத்த நாவல் இது.

கதையில் வராத பக்கம்

பாண்டிய நாட்டுக்கு வருடாவருடம் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்து இறங்கின. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அவற்றில் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போகும் என்று எழுதியிருக்கிறார். காரணம்? பழக்கமில்லாத தட்பவெப்பம், வேகவைத்த சோறும் கறியும் தீவனம், லாடம் கட்டத் தெரிந்த ஆள் கிடையாது. அதைவிடக் கொடுமை, அப்படிப்பட்ட ஆட்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யாவாரம் படுத்துடுமே!

நம்ம சரித்திர நாவல்களில் குதிரை பாயும், கனைக்கும். அது என்ன சாப்பிட்டது, எப்படிச் செத்தது என்பது அபூர்வமாகத்தான் வரும்.

நேரில் பார்க்கணுமா?

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போங்க. மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் எல்லாம் சந்தைக்கு வரும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறதாகச் சொல்வாங்க. ஒரு டிப்ஸ்: குதிரை காதைப் பின்னால் மடக்கினால் கோபமா இருக்குன்னு அர்த்தம். செல்ஃபியை அப்புறம் பார்த்துக்கலாமுங்க!

வீட்டுக்கு வந்ததும் சின்னமலை கதையை மறுபடி சொல்லிப் பாருங்க. இந்த முறை, அந்தக் குதிரை சொல்ற மாதிரி!