இரண்டு புள்ளிக்குள் ஒரு 'இ'

ஜேர்மன் எழுத்துகளுக்கு மேலே நிற்கும் இரண்டு புள்ளிகளைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். மோட்டர்ஹெட் என்ற ஆங்கிலேய ரொக் இசைக்குழு தன் பெயரில் அந்தப் புள்ளிகளை வைத்தது சும்மா ஒரு மிடுக்குக்குத்தான். ஆனால் ஜேர்மன் மொழிக்குள் அப்படி விளையாட முடியாது. 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதிலுள்ள ஓவின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் 'அழகான'. 'ட்ஸாலன்' காசு கட்டுவது. புள்ளி வைத்தால் எண்ணுவது. 'ஃபோர்டர்ன்' கோருவது, புள்ளி வைத்தால் ஊக்குவிப்பது. 'முட்டர்' ஒரு தாய். புள்ளி வைத்தால் தாய்மார்.

இதற்கு உம்லவுட் என்று பெயர். ஜேர்மானியர் ஆ, ஓ, ஊ என்று அழைக்கும் மூன்று எழுத்துகளுக்குத்தான் இது வரும். எங்கட குறில், நெடில் மாதிரி ஒலியை நீட்டிக் குறைக்கிற விசயம் இல்லை. 'ஊ' சொல்வதற்கு உதட்டைக் குவியுங்கள். உதட்டை அசைக்காமல் 'ஈ' சொல்லிப் பாருங்கள். அதுதான் புள்ளி வைத்த ஊ. உதடு அப்படியே நிற்க, நாக்கு மட்டும் முன்னே வருகிறது. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால்தான் இங்கே புள்ளியில்லாத வடிவங்களை மட்டும் எழுதுகிறோம்.

நாக்கு ஏன் முன்னே வந்தது? வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஜேர்மனில் விருந்தாளி 'கஸ்ட்', விருந்தாளிகள் 'கெஸ்டி'. கடைசியில் ஒரு 'இ' வரப்போகிறது என்று தெரிந்த நாக்கு, முன்னால் இருந்த 'அ'வைச் சொல்லும்போதே அதற்குத் தயாராகிவிட்டது. அதனால் 'அ' 'எ' ஆனது. போகப்போக அந்தக் கடைசி 'இ' தேய்ந்து மங்கலான ஒரு ஒலியாகிவிட்டது. காரணம் போய்விட்டது, விளைவு மட்டும் நின்றது. ஈறு பலவீனமானதால், ஒருமை பன்மையைக் காட்டும் பாரத்தில் பெரும்பங்கு மாறிய உயிரொலியின் தலையில் விழுந்தது. பிறகு அந்த 'இ' ஒருநாளும் இல்லாத சொற்களுக்கும் இந்த வழக்கம் பரவியது. 'முட்டர்' அப்படி வந்த ஒன்று.

ஆங்கிலத்தில் 'ஃபுட்' ஏன் 'ஃபீட்' ஆகிறது, 'மௌஸ்' ஏன் 'மைஸ்' ஆகிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை. பாடமாக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்கும் காரணம் இதேபோல் தொலைந்துபோன ஒரு 'இ'தான். இந்த மாற்றத்துக்கு உம்லவுட் என்ற சொல்லை இலக்கணத்தில் நிலைநிறுத்தியவர் யாக்கோப் கிரிம். ஓம், தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவரேதான். அவருடைய ஜேர்மன் இலக்கண நூலின் முதல் பாகம் 1819இல் வெளிவந்தது.

புள்ளிகளுக்கும் தனிக் கதை இருக்கிறது. முன்பு எழுத்தின் தலையில் ஒரு சின்ன 'ஏ' எழுத்தைப் போட்டு இந்த ஒலியைக் காட்டினார்கள். பழைய ஜேர்மன் கையெழுத்தில் 'ஏ' என்பது கிட்டத்தட்ட இரண்டு நிமிர்ந்த கோடுகள். வேகமாக எழுத எழுதக் கோடுகள் குறுகிப் புள்ளிகளாகின. புள்ளி போட முடியாத இடத்தில் இன்றைக்கும் அந்த 'ஏ'யைப் பக்கத்தில் எழுதுவது இதன் தொடர்ச்சிதான். கவிஞர் கோதேயின் பெயரில் இருப்பதும் அந்தப் பழைய 'ஏ'தான்.

இருபதாம் நூற்றாண்டில் கணினி வந்தது. 1963இல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி குறிமுறையில் 128 இடங்கள். உம்லவுட்டுக்கு ஒன்றுகூட இல்லை. ஜேர்மானியர் தங்கள் தரநிலையில் சதுர அடைப்புக்குறி, நெளிவு அடைப்புக்குறி போன்றவற்றின் இடங்களை எடுத்து உம்லவுட்டுக்குக் கொடுத்தார்கள். ஜேர்மன் நாட்டு இணைய முகவரிகளில் புள்ளிகளுக்கு இடம் கிடைத்தது 2004 மார்ச்சில். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரிகளில் இன்னும் கிடைக்கவில்லை. அங்கே 'ஏ'தான் பக்கத்தில் நிற்கிறது.

இயந்திரத்துக்கு வசதியில்லை என்றபோது, மொழியைக் குறைக்காமல் இயந்திரத்தை மாற்றும் பலம் ஜேர்மனுக்கு இருந்தது. தொழிற்சாலையும் தரநிலை நிறுவனமும் கையில் இருந்தன. எல்லா மொழிக்கும் அது வாய்ப்பதில்லை. 'ஒரு புள்ளிதானே, விட்டால் என்ன?' என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி யாருடைய வசதிக்காகக் கேட்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 2007இலிருந்து, ஜேர்மனியிலுள்ள துணையிடம் குடியேறிச் செல்பவர்கள் பொதுவாக அடிப்படை ஜேர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். எங்கட ஊர்ப் பிள்ளைகள் அதற்காகவே இந்த ஒலிகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் நிற்பது ஹாம் நகரின் ஊன்ட்ரொப் பகுதியில். அந்தப் பெயரின் முதலில் ஊவும் ஏயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; வாசிக்கும்போது இரண்டும் சேர்ந்து, உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்த ஒற்றை 'ஈ'.

வரலாறு படிக்கிற நாங்கள் சான்று என்றால் கல்வெட்டையும் ஓலையையும்தான் தேடுவோம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வாய்க்குள் நடந்த ஒரு மாற்றத்துக்கு, எழுத்தின் தலையில் உள்ள இந்த இரண்டு புள்ளிகளும் சான்றுதான்.