பேரன் கேட்ட கிராபிக்ஸ் கார்டு



கேம் விளையாடப் பேரன் புதுக் கம்ப்யூட்டர் சேர்க்கிறான். பட்டியலில் பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போகிறது. "அப்படி என்னடா அதில்?" என்று கேட்கப்போய், இரண்டு இரவு அதன் வரலாற்றைப் படித்துவிட்டேன். வாத்தியார் புத்தி!

1996-இல் கலிபோர்னியாவின் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ என்ற சிப்பைக் கொண்டுவந்தது. முப்பரிமாணக் காட்சி மட்டும்தான் அதற்குத் தெரியும். மற்ற வேலைக்குப் பழைய கார்டும் வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். இருந்தும் குவேக் விளையாட்டை அதில் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். 1998-இல் வந்த வூடூ 2 கார்டை, ஒன்று போதாதென்று இரண்டாகவும் பூட்டினார்கள்.

சறுக்கல் அதே ஆண்டில். அதுவரை சிப் மட்டும் இவர்களுடையது. கார்டு செய்து விற்றவை பிற நிறுவனங்கள். டிசம்பரில் எஸ்டிபி என்ற கார்டு நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்து, தாங்களே கார்டு செய்யப் புறப்பட்டார்கள். நேற்றுவரை சிப் வாங்கியவர்களுக்கே போட்டி! அவர்கள் சும்மா இருப்பார்களா? சிப் மட்டும் விற்ற என்விடியா பக்கம் போனார்கள். அது 1999-இல் ஜீஃபோர்ஸ் 256-ஐ இறக்கியது. 2000 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்க ஒப்பந்தம் போட்டதும் அதே என்விடியாதான். அந்த ஆண்டு ஆசையாக வூடூ 5 வாங்கியவர்கள் புது டிரைவர் இல்லாமல் நின்றார்கள்.

பேரன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் எதை வாங்க, தாத்தா?" என்றான். பவர் சப்ளையைத் தாராளமாக வாங்கு, அடுத்த கார்டுக்கும் உதவும் என்றேன். கார்டு விஷயம், இத்துறையில் இருக்கும் என் மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.