சார்க்கோ வீட்டுப் பீங்கான் தட்டுகள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குச் சார்க்கோ என்றால் கப்பல்காரர்தான். தென்துருவப் பகுதிக்குப் போய்வந்து, 1936-இல் ஐஸ்லாந்துக் கடலில் தம் கப்பலோடு மூழ்கிப்போன ழான்-பத்தீஸ்த் சார்க்கோ. அவருடைய தகப்பனாரைப் பற்றி வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரை நான் தெரிந்துகொண்டது என் நாற்பது வயதுக்கு மேல், பக்கத்து மேசைக்காரர் ஒருவரின் கையால்.

அந்த நண்பர் பெயர் வேண்டாம். பேனா பிடிக்காமல் சும்மா இருந்தால் கை சாதாரணமாக இருக்கும். டீ கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். பேச்சும் ஒவ்வொரு எழுத்தாக அறுந்து அறுந்து வரும். எங்கள் ஊரில் இதற்கு வேறு காரணம் யார் யோசிப்பார்கள்? சாராயம் என்றார்கள். நானும்தான் சொன்னேன். மேலதிகாரி மெமோவே கொடுத்துவிட்டார். கடைசியில் சென்னையில் ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். பழைய பிரெஞ்சு மருத்துவ அகராதி ஒன்றில் தேடினேன். "ஸ்க்லெரோஸ் ஆன் ப்ளாக்" என்று இருந்தது. கூடவே சார்க்கோ என்ற பெயர்.

வண்டி கட்டுகிறவரின் மகன் ழான்-மர்தேன் சார்க்கோ. 1862-இல் அவரும் நண்பர் வுல்ப்பியானும் பாரீசில் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். முன்பு வெடியுப்புக் கிடங்காக இருந்த இடம், பெயரே அதனால்தான். பதினான்காம் லூயி காலத்திலிருந்து ஏழைப் பெண்களை, கிழவிகளை, சித்தம் கலங்கியவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வேறு டாக்டர்களுக்கு அது தண்டனை இடம். இவர்கள் இருவரும் படுக்கை படுக்கையாகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். உயிரோடு இருக்கையில் என்ன கண்டோம், இறந்தபின் மூளையிலும் தண்டுவடத்திலும் என்ன இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பொருத்திப் பார்த்தார்கள். அதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி.

அந்தத் திட்டுகளை முதலில் பார்த்தவர் சார்க்கோ அல்ல. பாரீஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் க்ருவேய்யே முப்பது வருஷத்துக்கு முன்பே படம் வரைந்து போட்டிருந்தார். ஆனால் இது தனி வியாதி, நடுக்குவாதம் வேறு என்று பிரித்துக் காட்டியது இவர்கள் கூட்டம். மாணவர் ஓர்டென்ஸ்டைன் 1867-இல் இதைத் தம் ஆய்வேட்டில் எழுதினார். 1868-இல் சார்க்கோ விளக்கமாகச் சொன்னார். நடுக்குவாதக்காரருக்குக் கை சும்மா இருக்கும்போது ஆடும். இவர்களுக்கோ ஒன்றை எடுக்கப் போகும்போது ஆடும். நரம்பைச் சுற்றியுள்ள உறை, மின்கம்பியின் ரப்பர் போல, அங்கங்கே போய்விடுகிறது. உள்ளே நரம்பிழை பெரும்பாலும் தப்பி நிற்கிறது என்பதையும் கண்டார். இன்று உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்க்கிறார்களே, அந்த பபின்ஸ்கியும் அவர் சீடர்தான். 1885-இல் அவர் ஆய்வேடு எழுதியதும் இதே வியாதியைப் பற்றி.

இவ்வளவிலும் என் மனதில் நிற்பவள் ஒரு வேலைக்காரி. அவளைப் பற்றி எழுதியவர் ஃப்ராய்டு. 1885-இல் வியன்னாவிலிருந்து வந்து சார்க்கோவிடம் சில மாதம் பாடம் கேட்டவர். 1893-இல் சார்க்கோ இறந்தபோது எழுதிய இரங்கல் கட்டுரையில் இதைச் சொல்கிறார். கை நடுங்கியதால் வேறு எந்த வீட்டிலும் வேலை கிடைக்காத பெண். சார்க்கோ அவளை வைத்துக்கொண்டார். வருஷக் கணக்கில் தட்டும் கோப்பையும் உடைந்து, அவருக்குச் சிறு சொத்தே கரைந்ததாம். அவள் இறந்த பிறகுதான் அந்த நடுக்கத்துக்கும் திட்டுகளுக்கும் உள்ள சம்பந்தத்தை நிரூபித்தார். இரக்கமா, ஆராய்ச்சியா? இரண்டும் என்றே நினைக்கிறேன். எப்படியானாலும் அவள் சாப்பிட்டாள், சம்பளம் வாங்கினாள். பெயரை மட்டும் ஃப்ராய்டு எழுதவில்லை.

சார்க்கோவிடம் மருந்து இல்லை. நோயின் வேகத்தைக் குறைக்கும் முதல் ஊசிமருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1993-இல்தான்.

நண்பரிடம் இந்தத் தட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு, "நீங்ககூடத்தானே சார் சாராயம்னு சொன்னீங்க" என்றார். தலை குனிந்தேன். மறுநாளிலிருந்து டீக்காரப் பையனிடம் அவருக்குப் பாதி கிளாஸ் மட்டும் ஊற்றச் சொன்னேன், இரண்டு தடவையாக.