படத்தில் மட்டும் இருந்த பூங்கா

போன மாசம் அப்பாவோட பீரோவில் ஒரு பத்திரத்தைத் தேடினப்போ மடிச்சு வச்ச லே-அவுட் படம் ஒண்ணு கிடைச்சுது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல தொண்ணூறுகள்ல வாங்கின அஞ்சு சென்ட் மனை அது. படத்தின் மூலையில் ஒரு கட்டம், அதுக்குள்ள 'பூங்கா'னு எழுதியிருந்தது. போய்ப் பார்த்தா அங்கே ரெண்டு வீடு நிக்குது. விற்றவர் அந்தக் கட்டத்தையும் மனையாக்கி வித்துட்டார். "படத்துல போட்டிருக்கேன்னு நம்புனோம்டா"ன்னார் அப்பா. அந்தக் கட்டம் காகிதத்துக்கு எப்படி வந்தது, தரைக்கு ஏன் வரலைன்னு தேடினதோட குறிப்பு இது.

கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1914-இல் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னைக்கு அனுப்பினார். நம்ம ஊர்ப் பேச்சில் இன்னிக்கும் நிக்கிற அந்த எம்டன், கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை மூழ்கடித்துவிட்டது. மறுபடி படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார்கள். பிறகு 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலம் குடியிருப்பு, எது வயல், எது திறந்தவெளி என்று குறிக்கும் முழுமைத் திட்டம் இந்தச் சட்டப்படிதான் தயாராகிறது.

பூங்காக் கட்டத்துக்கு விதி எளிமையானது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனா அனுமதி கேட்டு வர்றவங்களைத்தான் இந்த விதி பிடிக்கும். அனுமதியே கேக்காம வயலை அளந்து, கல்லு நட்டு, படம் போட்டு வித்தவங்க ஏராளம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. அப்பாவும் கட்டணம் கட்டினார். மனை முறையாச்சு. பூங்கா திரும்பி வரலை.

அப்படின்னா குற்றாலம் மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு? அங்கே நிலத்துக்கு ஆள் இருந்தது. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே தோட்டம் போட்டு ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்தது. மலை வனத்துறையிடம் இருக்கிறது. பழத்தோட்ட அருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறை. 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்தபின் அதன் பட்டியலிலுள்ள கிராமங்களில் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேணும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துறை. எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஓடையைத் திருப்பி ரிசார்ட்டுகளில் செயற்கை அருவி விட்ட விவகாரம் 2022-இல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது.

சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் வாஷிங்டன் புறநகர் ஒரு உதாரணம். 1927-இல் மேரிலாந்து மாநிலம் ரெண்டு கவுண்டிகளுக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரே ஆணையம் அமைத்தது. நிலப் பயன்பாட்டுத் திட்டமும் பூங்காவும் ஒரே கையில். 1930-இல் ஒரு மத்தியச் சட்டம் பணத்துக்கு வழி செய்ய, வீடுகள் வருமுன்னே ஓடைகளின் இரு கரைகளையும் வாங்கிப் பூங்காவாக்கத் தொடங்கினார்கள். அதில் ஒன்றான மான்ட்கோமரி கவுண்டி 1980-இல் சுமார் 93,000 ஏக்கரை விவசாயத்துக்கு ஒதுக்கியது. அதற்காக அங்கே எல்லாம் சரியா நடந்துச்சுன்னு இல்லை. அந்தக் காலத்துப் புறநகர்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் ஓடைக்கரை ஓடைக்கரையாவே இருக்கு.

நம்ம சிற்றாற்றுக் கரைக்கும் அதிலிருந்து பிரியும் கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் அப்படிக் கரையை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன்பின் மனை போட்டிருக்கலாம். இப்பவும் முழுசா காலம் தாண்டிடலை. தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். 1971 சட்டப்படி முழுமைத் திட்ட வரைவு வெளியானால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். அந்த அறிவிப்பை நம்மில் யாரும் படிக்கிறதில்லை. நானும் படிச்சதில்லை.

மனை வாங்கப் போறவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்றேன். படத்தில் பூங்கா இருக்கான்னு பார்த்தா போதாது. அதுக்குத் தானப் பத்திரம் பதிவாச்சான்னு கேளுங்க, நம்பரை வாங்கி உள்ளாட்சி அலுவலகத்தில் சரிபாருங்க. அப்பா அன்னிக்குக் கேட்டிருந்தா அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் ஏமாந்திருக்க மாட்டாங்க. அவங்களும் எங்களை மாதிரி படத்தை நம்பி வாங்கினவங்கதானே.