கட்டற்ற இயங்குதளம்: வரைவிலக்கணப் பிணக்கு

எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்து மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமைகளைத் தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள். இதில் தகராறு இல்லை. முழு இயங்குதளம் ஒன்றை எப்போது அப்படி அழைக்கலாம் என்பதில்தான் பிணக்கு.

கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1985இல் உருவானது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட, இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கேர்னலின் முதல் உரிமம் வணிக விநியோகத்தைத் தடுத்ததால், அது இந்த அளவுகோலுக்குள் வரவில்லை. மறுவருடம் குனு பொது உரிமத்துக்கு மாறியதும் அந்தக் குறை தீர்ந்தது.

லினக்ஸ் கேர்னலில் இயங்கும் டெபியன் இயங்குதளத் திட்டம் 1997இல் தனது சமூக ஒப்பந்தத்தை வெளியிட்டது. பிரதான தொகுதியில் கட்டற்றவை மட்டுமே இருக்கும். மற்றவை 'நான்-ஃப்ரீ' என்ற தனிப்பிரிவில், ஆனால் அதே சேவையகங்களில் கிடைக்கும். அந்த இடங்கொடுப்பு அறக்கட்டளைக்கு ஒவ்வவில்லை. டெபியனை அது இன்றும் பரிந்துரைப்பதில்லை. டெபியனும் சளைக்கவில்லை. மாற்றக்கூடாத பகுதிகளைக் கொண்ட குனு ஆவணங்கள் கட்டற்றவை அல்ல என்று 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. ஸ்டால்மன் எழுதிய இமாக்ஸ் உரைத்தொகுப்பியின் கையேடே 'நான்-ஃப்ரீ' பிரிவுக்குப் போனது!

மிகவும் இழுபட்டது ஃபர்ம்வேர் விவகாரம். வைஃபை போன்ற சாதனங்களின் சில்லுகளுக்குள் ஓடும், மூலநிரல் கிடைக்காத கோப்புகள் அவை. 2011இல் வந்த டெபியன் 6 அவற்றைக் கேர்னலிலிருந்து அகற்றியது. இரணைமடுவுக்குக் கிட்ட, அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து மாணவர் ஒருவர் இன்டெல் வைஃபை உள்ள மடிகணனியில் டெபியன் 11ஐ நிறுவப் பார்த்தால், நிறுவி பாதியில் நின்று, இன்ன ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, யூஎஸ்பியிலோ ஃபுளொப்பியிலோ கொண்டுவந்து செருகு என்று கேட்கும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். வேறு கணனியோ கேபிளோ இல்லாதவர் அதோடு கைவிட வேண்டியதுதான்.

அறக்கட்டளையின் நிலைப்பாட்டிலும் ஒரு நெருடல் உண்டு. அதே நிரல் சில்லுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருந்தால் அதை மின்சுற்றின் பகுதியாகக் கருதி விட்டுவிடலாம். இயங்குதளம் ஏற்றினால் மட்டும் குற்றம். பயனருக்குக் கிடைக்கும் சுதந்திரத்தில் இதனால் என்ன கூடியது என்பதற்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை.

டெபியனை அடியாகக் கொண்டவற்றுக்கும் இந்தப் பிணக்கு முதுசொம்தான். அவற்றுள் ஒன்றான, சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவருக்குக் கொடுத்த மடிகணனிகளில் விண்டோஸுடன் ஒன்றாகக் குடியிருந்தது.

2022 வாக்கெடுப்பில் டெபியன் இறங்கி வந்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவியோடே வருகிறது. வேண்டாம் என்பவர்கள் தொடக்கத்திலேயே அதை நிறுத்திவைக்கலாம். அல்லது அறக்கட்டளை ஏற்ற ட்ரிஸ்குவெலை நாடலாம்.