அட்டப்பாடி முதல் 'ஹ்ருத்யம்' வரை

அட்டப்பாடி பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் ஆனைகட்டி தாண்டினால் நம்ம கோவை. அங்கே பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது 2013-ல் நாடு முழுக்கச் செய்தி. கர்ப்பிணி, குழந்தை என்று ஒவ்வொருவரையும் பெயரோடு கணினியில் ஏற்றிக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2009-லேயே வந்தாச்சு! பெயரை ஏற்றுவது சுலபம். ஊட்டச்சத்தில்லாத தாய்க்குச் சோறு போடுவது பொட்டி தட்டுகிற நம்ம கையில் இல்லை.

2017-ல் கேரளம் கொண்டுவந்த 'ஹ்ருத்யம்' வேற மாதிரி. அட்டப்பாடிக்காக வந்ததல்ல, மாநிலம் முழுமைக்கும். பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தையை இணையத்தில் பதிந்தால், இதய மருத்துவர்கள் அறிக்கைகளைப் பார்த்து அவசரத்தின்படி வரிசைப்படுத்துவார்கள். அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையும் ஒதுக்கப்படும். இடுக்கி மறையூர்க் குழந்தைக்கும் திருவனந்தபுரத்துக் குழந்தைக்கும் ஒரே வரிசை. (என்னைக் கேட்டால் மென்பொருளைவிட இதுதான் பெரிய விஷயம்.) அந்த வரிசையில் சேர, யாராவது முதலில் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.